புதிய வழியில் வந்த பழைய குரல்

பழசாகிப் போயிற்று என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே, எறிவதற்கு மட்டும் ஒருவருக்கும் மனம் வராத பொருளொன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். சில வீடுகளில் அது பாட்டனார் சாய்ந்திருந்த சாய்மனைக் கதிரை. சில வீடுகளில் பாட்டியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைச் செம்பு. எமது வீட்டில் அது மோட்டார் வண்டிக்குள் இருக்கும் வானொலிப் பெட்டி.

வண்டியும் இளமையானது அன்று. 1999 ஆம் ஆண்டில் யப்பானிலே உருவாகி, கொழும்பிலே ஒருவரிடம் பல ஆண்டுகள் உழைத்து, 2011 இல் எமது கைக்கு வந்த ரொயோட்டா கொரோலா அது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய வண்டி வாங்க எண்ணியிருந்தோரும் பழைய வண்டியையே துடைத்துப் பேணக் கற்றுக்கொண்டனர். வழி திறந்த பின்னரும் விலையைக் கேட்டுவிட்டுப் பழைய வண்டியையே அன்போடு நோக்குவோர் எம்போல் பலர் உளர். ஆகவே, எமது வண்டியில் நாம் செய்த சிறு மாற்றம் ஒன்றை இங்கு எழுதுதல் பலருக்குப் பயன்படக்கூடும் என எண்ணுகின்றோம்.

மாங்குளத்தில் நேர்ந்தது

பெட்டியில் வானொலி உண்டு. ஒலிநாடா ஓட்டும் வசதியும் உண்டு. அவற்றோடு நாம் நிறைவாகவே இருந்தோம். ஆனால் இக்காலத்தில் பாட்டும் பேச்சும் வழிகாட்டலும் கைத்தொலைபேசிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. பயணத்தின்போது தொலைபேசியைப் பக்கத்து ஆசனத்தில் வைத்து, அதன் மெல்லிய குரலிலேயே பாட்டுக் கேட்பது எமது வழக்கமாயிற்று.

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். மாங்குளத்தைத் தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டது. ஒரு கணம் கையை நீட்டித் தொலைபேசியைத் தொட்டோம். கண்ணும் கையைத் தொடர்ந்து சென்றது. தலை நிமிர்ந்தபோது வீதியின் நடுவே மூன்று மாடுகள் நின்றன. தடுப்பை மிதித்தோம். ரயர்கள் கதறின. மாடுகளுக்கும் எமக்கும் இடையே ஒரு முழமே இருந்தது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்குள் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும் என்று வகுப்பிலே பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் நாமே. அன்று அந்தக் கணக்கை வீதியிலே கண்டோம்.

எமது துணைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கிளிநொச்சி வந்த பின்னர், "ஒண்டில் பாட்டு வேண்டாம். இல்லாட்டி உந்தத் தொலைபேசியைத் தொடாமல் கேக்க ஒரு வழி பாருங்கோ," என்றார். பாட்டின்றி முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் வண்டி ஓட்டுவது கடினம். ஆகவே வழி தேடினோம்.

வீட்டிலே எழுந்த வழக்கு

க. பொ. த. உயர்தரம் பயிலும் எம் மகன் உடனே தீர்ப்புச் சொன்னான். "அப்பா, உந்தப் பெட்டியைக் கழட்டிப்போட்டுப் புதுசு ஒண்டு போடுவம். திரையோடை வருகுது. புளூடூத்தும் அதுக்குள்ளேயே கிடக்கு."

உள்ளே இருந்து எமது தாயார் கேட்டார். "கழட்டினால் அவற்றை கசற்றை எதிலை ராசா போடுறது?"

அங்கேதான் வழக்கு நின்றது. வாசகர்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு அந்தக் கசற்றின் கதையைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும்.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடை செய்யப்பட்ட பொருள்களாயின. அக்காலத்தில் ஊரெங்கும் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, சில்லோடு உரசும் தைனமோவிலிருந்து வரும் மின்னைக் கொண்டு வானொலி கேட்பார்கள். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். இடையிலே இருவாயிகளைப் பொருத்தி அதனை நேராக்கும் வித்தையைப் பத்து வயதுப் பிள்ளைகளும் அறிந்திருந்தனர். எமது வீட்டில் மிதி சுற்றும் பணி எம்முடையது.

எமது தமையனார் அதற்கு முன்பே கனடா சென்றிருந்தார். கடிதங்கள் வந்துசேர மாதங்கள் சென்றன. 1994 இல் ஒரு நாள் எமது தந்தையார், கடிதத்துக்குப் பதிலாகத் தமது குரலையே அனுப்பலாமென எண்ணி, அயலிலே ஒருவரிடம் ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கினார். மிதிவண்டி நிறுத்தப்பட்டது. நாம் சுற்றினோம். அவர் பேசினார். கொழும்பு செல்லவிருந்த ஒருவர் கசற்றைக் கொண்டுசெல்வதாக இருந்தது. அவரது பயணம் நின்றுபோயிற்று. 1995 ஒக்ரோபரில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது எமது தாயாரின் பையில் உடுப்புகளுக்கிடையே கசற்றும் தென்மராட்சிக்கு நடந்தது, மீண்டும் வந்தது. தந்தையார் 2001 இல் காலமானார். அவருடைய குரலாக உலகத்தில் எஞ்சியிருப்பது அந்த ஒன்றே. அதன் பின்னர் அதனைக் கனடாவுக்கு அனுப்பத் தாயாருக்கு மனம் வரவில்லை.

வீட்டிலிருந்த ஒலிநாடாப் பெட்டிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. எஞ்சியது வண்டியிலுள்ள பெட்டி மாத்திரம். ஒவ்வோர் ஆண்டும் தந்தையாரின் திதி முடிந்த மாலையில், தாயார் வண்டியின் முன் ஆசனத்தில் அமர்ந்து ஒரு முறை கேட்பார். நாம் வெளியே நிற்போம்.

எனவே வீட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. பழையதைக் கழற்றாமல் புதியதைச் சேர்க்க வேண்டும். அது முடியுமா என்பதே வினா.

நீலப்பல் அரசன்

முதலில் புளூடூத் என்பது யாது எனப் பார்ப்போம். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாக்கியவன் என அவனைச் சொல்வார்கள். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1994 இல், தொலைபேசியையும் பிற கருவிகளையும் கம்பியின்றி இணைக்கும் முயற்சியைத் தொடங்கினர். 1998 இல் எரிக்சன், இன்ரெல், நொக்கியா, ஐ. பி. எம்., தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் இதற்கெனக் கூட்டொன்று அமைத்தன. வெவ்வேறு கருவிகளை ஒன்றாக்கும் வித்தைக்கு அந்த அரசனின் பெயரே பொருந்தும் என்று இன்ரெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் சொல்ல, அது நிலைத்துவிட்டது. தொலைபேசித் திரையில் நாம் காணும் சின்னம், அவனுடைய பெயரின் இரு முதலெழுத்துகளைப் பழைய வடநாட்டு எழுத்திலே பிணைத்து வரைந்தது.

இதன் முதல் விதிமுறை வெளியான ஆண்டு 1999. எமது வண்டி பிறந்த ஆண்டும் அதுவே. இருவரும் ஒரே வயதினராயினும் கால் நூற்றாண்டு வரை ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிட்டனர்.

புளூடூத் 2,402 முதல் 2,480 மெகாஹேட்ஸ் வரையுள்ள மீடிறன்களில் இயங்குகின்றது. அதே பகுதியிலே வேறு பல கருவிகளும் பேசிக்கொண்டிருப்பதால், ஓரிடத்தில் நில்லாது, 79 சிறு வழிகளுக்கிடையே ஒரு வினாடிக்கு 1,600 முறை வரை தாவித் தாவிச் செல்லும். சந்தைக்குள் இரைச்சலின் நடுவே, இருவர் முன்னரே பேசிவைத்த ஒழுங்கின்படி இடம் மாறி இடம் மாறி உரையாடுவது போன்றது இது. அனுப்புவதற்குச் செலவாகும் வலுவோ மிகச் சிறிது. வண்டிக்குள் இருக்கும் தூரத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகத் தொலைபேசி பேசத் தயாராக இருக்கின்றது. ஒலிபெருக்கிகளும் பாடத் தயாராக இருக்கின்றன. நடுவே உள்ள பழைய பெட்டிக்கு மாத்திரம் இந்தப் பாஷையைக் கேட்கும் காது இல்லை. காதொன்றை வெளியே பொருத்தி, அது கேட்டதைப் பெட்டிக்குள் அனுப்ப ஒரு வாசல் தேடுவதே எமது வேலை. தேடியபோது, இத்தகைய பெட்டிகளுக்கு நான்கு வாசல்கள் இருக்கக் கண்டோம்.

நான்கு வாசல்கள்

முதலாவது, அன்ரனா வாசல். சிகரெட் லைற்றர் குழியில் செருகும் சிறு ஒலிபரப்பி ஒன்று கடைகளிலே கிடைக்கும். அது தொலைபேசியிலிருந்து புளூடூத் மூலம் ஒலியைப் பெற்று, பண்பலையிலே மீண்டும் ஒலிபரப்பும். அந்தச் சிறு நிலையத்தை வண்டியின் வானொலி, வேறெந்த நிலையத்தையும் போலவே பிடித்துக்கொள்ளும். ஒரு வயரும் கழற்ற வேண்டியதில்லை. செலவும் மிகக் குறைவு.

ஆனால் யப்பானிய வண்டி வைத்திருப்போர் இங்கே ஒரு சிக்கலை அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையில் பண்பலை 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை. யப்பானுக்கென்று செய்யப்பட்ட பழைய வண்டி வானொலிகளோ 76 முதல் 90 வரையே பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது இரண்டரை மெகாஹேட்ஸ் மாத்திரமே. இதனாலேதான் இவ்வண்டிகள் பலவற்றில் அன்ரனாவுக்கும் பெட்டிக்கும் இடையே மீடிறனைக் குறைத்துக்கொடுக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தியிருப்பார்கள். எமது வண்டியிலும் அது உண்டு.

மகன் ஒலிபரப்பியை 106.3 இல் வைத்துவிட்டு, வானொலியில் அந்த எண்ணைத் தேடினான். வானொலி 90 இல் முடிந்துவிட்டது. "கடையில பழுதானதைத் தந்திட்டாங்கள்," என்றான். கருவியின் மேலே 18 என்று எழுதியிருப்பதைக் காட்டினோம். 106.3 இலிருந்து 18 ஐக் கழித்தால் 88.3. முள்ளை அங்கே திருப்பியதும் பாட்டு வந்தது. கழித்தற் கணக்கு இவ்வளவு இனிமையான விடை தந்ததை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

இனிமை வவுனியா வரையே நீடித்தது. ஒலிபரப்பியின் வலு மிகச் சிறிது. ஊருக்கு ஊர் நிலையங்கள் மாறும். ஒரே மீடிறனில் இரண்டு நிலையங்கள் வந்தால், பண்பலை வானொலி வலியதையே பிடித்துக்கொண்டு மெலியதைக் கைவிட்டுவிடும். இரண்டையும் கலந்து தருவது அதன் இயல்பன்று. அனுபல்லவி முடியுமுன் சவர்க்கார விளம்பரமொன்று முழுக் குரலில் வந்து புகுந்தது. மீடிறனை மாற்றுவதற்கு மறுபடியும் கை நீண்டது. மாங்குளத்தை நினைத்துக் கையை மடக்கிக்கொண்டோம். ஊருக்குள் மாத்திரம் ஓடும் வண்டிக்கு, வெறுமையான மீடிறன் ஒன்று கிடைக்குமாயின், இது போதும். தூரப் பயணத்துக்குப் போதாது.

இரண்டாவது, ஒலிநாடா வாசல். கசற்றின் வடிவிலே செய்த கருவி ஒன்று உண்டு. அதற்குள் நாடா இல்லை. நாடா ஓடவேண்டிய இடத்தில், பெட்டியின் காந்தத் தலைக்கு நேரெதிரே, இன்னொரு சிறு காந்தத் தலை இருக்கும். உண்மையான கசற்றில், வினாடிக்கு ஏறக்குறைய 4.8 சதமமீற்றர் வேகத்தில் நகரும் நாடாவின் காந்த மாற்றங்களைப் பெட்டியின் தலை ஒலியாக மாற்றுகின்றது. இந்தக் கருவியோ நாடாவின்றியே அதே காந்த மாற்றங்களை நேராக உண்டாக்கிக் கொடுக்கும். மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட நல்ல உதாரணம் பௌதிக வகுப்பிலே காட்டுவது அரிது. புளூடூத்தையும் சிறு பற்றரியையும் உள்ளேயே வைத்துச் செய்த வகைகளும் இப்போது கிடைக்கின்றன.

அன்ரனா வழியிலும் இது துப்புரவான ஒலியைத் தரும். வேறு நிலையம் எதுவும் புகாது. ஆயினும், நாடா முடிந்ததும் தானாகவே மறுபக்கத்துக்குத் திரும்பும் பெட்டிகள், இந்தப் பொய்க் கசற்றைக் கண்டு சிலவேளை குழம்பிப்போகின்றன. எமது பெட்டி அவ்வகையானது. நாடா முடிந்துவிட்டதென்று எண்ணி இப்பக்கமும் அப்பக்கமும் மாறிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது, முன்வாசல். இதனை 'ஓக்ஸ்' என்பர். 3.5 மில்லிமீற்றர் அளவான வட்டத் துவாரம் அது. உங்கள் பெட்டியின் முகத்தில் அல்லது ஆசனங்களுக்கு நடுவேயுள்ள பெட்டகத்தில் இது இருக்குமாயின், நீங்கள் பாக்கியசாலிகள். தீப்பெட்டியளவு புளூடூத் வாங்கி ஒன்றை அதிலே செருகினால் வேலை முடிந்தது. எமது பெட்டி அந்தப் பாக்கியம் செய்திருக்கவில்லை.

நான்காவது, பின்வாசல். இதனைக் கண்டுபிடித்தது எமது மகன்.

பொத்தான் விழித்தது

எமது பெட்டியின் முகத்தில் 'சி. டி.' என்று எழுதிய பொத்தானொன்று உண்டு. ஆனால் இறுவட்டுச் செருகும் வாய் எங்குமில்லை. அழுத்தினால் ஒன்றும் நிகழாது. யப்பானில் யாரோ தவறுதலாக வைத்துவிட்டார்களென்று எண்ணி நாம் அதனை மறந்திருந்தோம்.

தவறு எம்முடையது. அக்காலத்து வண்டிகளில், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இறுவட்டுகளை அடக்கிய தனிப்பெட்டி ஒன்றைப் பின்புறத்திலோ ஆசனத்தின் கீழோ விரும்பினோர் பொருத்திக்கொள்ளலாம். அதனை இணைப்பதற்கென்று வானொலிப் பெட்டியின் முதுகிலே ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். தனிப்பெட்டி இல்லாதவரை பொத்தான் உறங்கும். இப்போது அந்தத் துவாரத்தில் செருகவென்றே, 'நானே அந்த இறுவட்டுப் பெட்டி' என்று வானொலிப் பெட்டியிடம் சொல்லி நம்பவைக்கும் இணைப்புக் கருவிகள் கிடைக்கின்றன. நம்பியதும் பொத்தான் விழித்துக்கொள்ளும். பின்பு தொலைபேசியின் ஒலியை அவ்வழியே அனுப்பலாம். வாங்குவதற்கு முன் பெட்டியின் முதுகைத் திறந்து, துவாரத்தின் வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரே நிறுவனத்தின் வண்டிகளிலேயே ஆண்டுக்கு ஆண்டு அது வேறுபடும்.

வாகன மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டே இதனைச் செய்வித்தோம். அவர் முதலிற் செய்த காரியம் பற்றரியின் மறை முனையைக் கழற்றியது. பெட்டியை வெளியே எடுக்கும்போது மஞ்சள் நிற இணைப்புகள் எதனையும் அவர் தொடவில்லை. அவை விபத்தின்போது விரியும் காற்றுப்பைக்கு உரியவை என்றார். வேறொரு செய்தியும் சொன்னார்: சில வண்டிகளில் பற்றரியைக் கழற்றியதும் வானொலி பூட்டிக்கொள்ளும், இரகசிய எண்ணைக் கொடுத்தாலன்றித் திறவாது. அந்த எண் கையில் இருக்கிறதா எனத் தேடிவைத்துக்கொண்டே வேலை தொடங்குதல் அறிவுடைமை. புதிய கருவிக்கு வேண்டிய மின்னை, திறப்பைத் திருப்பினால் மாத்திரம் உயிர்பெறும் வயரிலிருந்தே எடுத்தார். எந்நேரமும் மின் ஓடும் வயரிலிருந்து எடுத்தால், சில நாள் நிறுத்திவைத்த வண்டியின் பற்றரி வெறுமையாகிவிடக்கூடும்.

எல்லாம் பூட்டியாயிற்று. பொத்தானை அழுத்தினோம். உறங்கிக் கிடந்த எழுத்து முகப்பிலே ஒளிர்ந்தது. பாட்டு வந்தது. வண்டியை இயக்கினோம். பாட்டோடு கூடவே 'ஙொய்' என்றொரு முனகலும் வந்தது. வேகத்தைக் கூட்டினால் முனகலும் சுருதி கூடிற்று.

இது பலருக்கு நேர்வது. காரணத்தை அறிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. புளூடூத் வாங்கிக்கு மின்னை லைற்றர் குழியிலிருந்து கொடுத்திருந்தோம். ஒலி வயரோ பெட்டியின் முதுகுக்குச் செல்கின்றது. இரண்டும் வண்டியின் உடலோடு வெவ்வேறிடத்தில் தொடுகின்றன. இவ்விரு வழிகளும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. எஞ்சினோடு சுழலும் அல்ரனேற்றரின் அலைவு அந்த வளையத்திலே புகுந்து ஒலிபெருக்கியில் முனகுகின்றது. சோதிப்பதற்கு எளிய வழியுண்டு. வாங்கியை மின் வயரிலிருந்து பிடுங்கி, அதன் சொந்தப் பற்றரியிலே ஓடவிடுக. முனகல் நின்றால் குற்றம் வளையத்தினதே. மருந்தும் எளிது. ஒலி வயரின் நடுவே, இரண்டு சிறு நிலைமாற்றிகள் அடங்கிய பிரிப்பான் ஒன்றைச் செருகினால், ஒலி காந்தத்தின் வழியே தாண்டிச் செல்லும், வளையம் அறுந்துவிடும். எமக்கு அதனோடு முனகல் அடியோடு நின்றது.

அனுபவத்திற் கண்ட வேறு சில குறிப்புகளும் உண்டு. தொலைபேசியின் ஒலியளவை முக்காற் பங்குக்குக் குறையாது வைத்துவிட்டு, கூட்டல் குறைத்தலைப் பெட்டியின் திருகியிலே செய்க. தொலைபேசியிற் குறைத்துப் பெட்டியிற் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துவது புறப்படுமுன் வீட்டு முற்றத்திலே முடிந்திருத்தல் வேண்டும். தொலைபேசி அழைப்புகளையும் ஒலிபெருக்கியிலே கேட்கலாம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். கை ஓய்ந்திருந்தாலும் மனம் ஓய்ந்திராது. ஆகவே அழைப்பு வந்தால் வண்டியை ஓரத்தில் நிறுத்துவதென்று எமது வீட்டிலே விதி செய்துகொண்டோம்.

பெட்டியையே மாற்றுவது தவறென்று நாம் சொல்லவில்லை. பழையது பழுதாகி, அதனிடம் வேறு தேவையும் இல்லாவிடின், மாற்றுவதே நேர்வழி. வண்டி வானொலிகளுக்கு 180 மில்லிமீற்றர் அகலமும் 50 அல்லது 100 மில்லிமீற்றர் உயரமும் பொது அளவு. ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் அகலம் 200 மில்லிமீற்றர் இருப்பதால் இருபுறமும் இடைவெளி விழும். அதனை நிரப்பும் துண்டுகளைக் கேட்டு வாங்கவேண்டும். பழைய வயர்களை வெட்டிப் பிணைக்க விடாதீர்கள். வெட்டாமலே செருகக்கூடிய இடையிணைப்பு வயர்கள் கிடைக்கின்றன. வெட்டியதைப் பின்னர் ஒட்டுவது கடினம்.

சில்லின் ஓசை

பெட்டி வெளியே இருந்த அன்று மின்வேலைக்காரர் இன்னொரு நன்மையும் செய்தார். ஒலிநாடாவின் காந்தத் தலையை, மதுசாரம் தோய்த்த பஞ்சினாலே துடைத்தார். பஞ்சு கறுத்து வந்தது. "உங்கட பழைய கசற் ஒண்டு இருக்கெண்டால் இப்ப போட்டுப் பாருங்கோ சேர்," என்றார்.

அப்போதுதான் எமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. தொலைபேசியின் ஒலி பெட்டிக்குள் வருமாயின், பெட்டியின் ஒலி தொலைபேசிக்குள் போகலாகாதா? நாடா என்றேனும் அறுந்தால் எல்லாம் முடிந்துவிடுமே.

தாயாரிடம் கேட்டோம். சற்று யோசித்துவிட்டு அலுமாரியைத் திறந்து கசற்றை எடுத்துத் தந்தார். முப்பது ஆண்டு பழைய நாடா சுருளோடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அறுகோணப் பென்சில் ஒன்றைச் சக்கரத்தினுள் நுழைத்து, முழுவதையும் மெல்ல மெல்ல ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் கையினாலேயே சுற்றினோம். எஞ்சினை நிறுத்தி, பெட்டிக்கு மாத்திரம் மின் வரும்படி திறப்பை வைத்தோம். கண்ணாடிகளை ஏற்றினோம். மகன் தன் தொலைபேசியில் அழைப்பு எதுவும் வராதவாறு செய்து, அதனை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்துக்கொண்டான். தாயார் முன் ஆசனத்தில் அமர்ந்தார். இம்முறை நாமும் உள்ளே இருந்தோம்.

இருபத்திரண்டு நிமிடம் ஓடிற்று. பதிந்ததை மூன்று இடங்களிலே சேமித்தோம். ஒன்று அன்றிரவே கனடாவுக்குச் சென்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அனுப்பப்பட்ட கடிதம் சில வினாடிகளிற் போய்ச் சேர்ந்தது. தமையனாரிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "கேட்டேன்" என்று ஒரு சொல் வந்தது.

அடுத்த மாதம் குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்பட்டோம். வரிசையிலே பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொலைபேசி மகனின் பையிலே இருந்தது. மாங்குளத்தை அணுகும்போது ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததாக எழுந்தது எமது தந்தையாரின் குரல். தாயார் வீட்டிலேயே அதனை வரிசையிற் சேர்ப்பித்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது.

பெரிய விடயம் ஒன்றும் அவர் பேசவில்லை. பசு கன்று போட்டது. கிணற்றில் நீர் குறைந்துவிட்டது. கறுத்தக் கொழும்பான் மா இவ்வாண்டு காய்த்தது. குளிருக்குக் காதை மூடிக்கொள். குரலுக்குப் பின்னே மிதிவண்டிச் சில்லு சுழலும் ஓசை இடையறாது கேட்டது. வேலை சீக்கிரம் முடியட்டுமென்று எண்ணி அந்த நாளில் நாம் வேகமாகச் சுற்றியிருக்க வேண்டும். நடுவிலே ஒரு கணம் அவர் மகனுடன் பேசுவதை நிறுத்தி, மறுபக்கம் திரும்பி, எம்மை நோக்கிச் சொல்கிறார்:

"தம்பி, கொஞ்சம் ஆறுதலாய்ச் சுத்து."

எமது கால் தானாகவே வேகமிதியிலிருந்து உயர்ந்தது. வண்டி வேகம் தணிந்து சென்றது. பின் ஆசனத்தில் ஒருவரும் பேசவில்லை. எமது இரு கைகளும் சுக்கானிலேயே இருந்தன.